தெரியவில்லை என்ற கட்டம்

நாங்கள் அச்சடித்த படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: உள்நாடு, வெளிநாடு, தெரியவில்லை. கடற்கரையில் ஒதுங்கிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவற்றைத் தவிர வேறு பதில் கிடையாது என்று ஐந்து நாட்டு அதிகாரிகள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். மூன்றாவது கட்டம் என் உபயம். எந்தப் படிவத்திலும் ஆள் தப்பித்துக்கொள்ள ஒரு வாசல் வைக்க வேண்டும் என்பது அரசாங்க ஊழியம் எனக்குக் கற்றுத் தந்த ஒரே தத்துவம்.

அந்தக் கட்டத்தில் எங்களுக்காகக் கரையில் பொறுக்கிய அக்கா மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கோடு போட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஒரே கடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு நாடும் தன் கரையில் நூறு மீட்டர் நீளத்துக்கு இரண்டு முளை அடித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு நாள் அந்த நூறு மீட்டரில் கிடக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் பொறுக்கி, தரம் பிரித்து, எண்ணி, எங்கிருந்து வந்தது என்று குறித்து, படிவத்தை அனுப்பும். யார் குப்பை யார் கரைக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால் கடலை ஒழுங்குபடுத்திவிடலாம் என்பது நம்பிக்கை. படிவங்கள் எல்லாம் வந்து சேரும் செயலகம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. அதன் நிர்வாக உதவியாளர் நான். என் வீடு அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

எங்கள் நூறு மீட்டர், ஜெஞ்சாரோம் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் முடிந்து சேறும் மணலுமாகக் கடல் தொடங்கும் இடத்தில் இருந்தது. பொறுக்குவதற்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவரை நாள்கூலிக்கு எடுத்திருந்தோம். கோப்பில் பெயர் இருக்கிறது, இங்கே வேண்டாம். எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட நாலைந்து வயது மூத்தவரான எங்கள் லோரி டிரைவருக்கும் அக்காதான்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கைலிக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வெறுங்கால். சிப்பியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் கரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று பாதுகாப்பு விதியில் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. நான் அதைப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு வெறுங்காலோடுதான் நடந்தார். அதே சமயம் ஒரு சிலிப்பர் மட்டும் கையோடு கொண்டு வருவார். நீல வார் வைத்த ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர் செருப்பு, இடது கால், ஆண்கள் அளவு. வேலை தொடங்கும்முன் அதை முதல் முளைக்குப் பக்கத்திலிருந்த சவுக்குக் கிளையில் மாட்டுவார். முடிந்ததும் எடுத்துக்கொள்வார். திருஷ்டிக்காக என்று நினைத்தேன். எங்கள் லோரியின் பின்பக்கத்திலும் ஒரு பழைய சப்பாத்து தொங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க வண்டியில் அதற்கு அனுமதி இல்லை. ஆனால் அதைக் கழற்றச் சொல்லி எந்த அதிகாரியும் எழுத்தில் கேட்டதில்லை.

அவர் பொறுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பொருளையும் நேராகச் சாக்கில் போட மாட்டார். எடுத்துத் திருப்பி முதுகைப் பார்ப்பார். வாயை மூக்கருகே கொண்டு போவார். ஒட்டியிருக்கும் சிப்பியை நகத்தால் அளப்பார். உள்ளே கிடக்கும் சேற்றை விரலில் தடவிப் பார்த்து, கிள்ளான் ஆற்றுச் சேறா, வேறா என்பார். மூடி போட்ட பாட்டில் காற்று தள்ளுகிற பக்கம் போகும், மூடி இல்லாதது தண்ணீர் இழுக்கிற பக்கம் போகும் என்பதை நான் அவரிடமிருந்து அறிந்துகொண்டேன். பிறகு அதே விஷயத்தை ஒரு பேராசிரியர் வரைபடம் போட்டு நாற்பது நிமிடம் விளக்கினார்.

முதல் மாதம் அவரைச் சோதித்துப் பார்த்தேன். நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து அச்சிட்ட ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு உள்நாடு என்றார்.

"எழுத்து வெளிநாடும்மா."

"எழுத்து வெளிநாடுதான் சார். அப்பறம் இங்க யாரோ மண்ணெண்ணெ ஊத்தி வச்சிருக்காங்க. கடைசியா எந்த வீட்டுல இருந்துச்சோ அதுதான் அதுக்கு வீடு."

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. உள்நாட்டுக் கட்டத்தில் அவரையே கோடு போடச் சொன்னேன்.

பொருள்களைப் பற்றி அவர் பேசுவது மட்டும் எனக்குச் சற்று உறுத்தியது. "கெடக்குது" என்று சொல்ல மாட்டார், "வந்திருக்கு" என்பார். இது நேற்று வந்தது, இது ரொம்ப நாளாக வெளியே நின்றுகொண்டிருந்தது, இப்போதுதான் உள்ளே வந்தது என்பார், வாசலில் காத்திருந்த ஆளைச் சொல்வது போல. சில நாள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி சும்மா நிற்பார். இன்றைக்குச் சிலிப்பர் வரும் என்பார். வரும். வருவது எல்லாமே இடது காலாக இருக்கும். முதல் முப்பத்தைந்து மாதத்தில் எங்கள் நூறு மீட்டரில் ஒரு வலது கால் சிலிப்பர்கூட ஒதுங்கியதில்லை. படிவங்களை நானே திருப்பிப் பார்த்துச் சரிபார்த்திருக்கிறேன்.

"வலது காலெல்லாம் அந்தக் கரைக்குப் போயிருது சார்," என்று ஒருநாள் சொன்னார். வளைவு இடப்பக்கம் இருந்தால் ஒரு பக்கம் திரும்பும், வலப்பக்கம் இருந்தால் மறுபக்கம் திரும்பும் என்று இரண்டு கைகளையும் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். பேராசிரியர் இதை ஒருபோதும் சொன்னதில்லை.

எங்கள் இயக்குநருக்குச் சிலிப்பர்களில் ஒரு சிரமமும் இல்லை. பெயரிலேயே ஜப்பான் இருக்கிறதே, வெளிநாட்டில் போட்டுவிடுங்கள் என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நடந்ததை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. அக்கம்பக்கத்துக்குக் குழம்பும் பாயசமும் கொடுத்தனுப்பும் பிளாஸ்டிக் டப்பாக்கள் திரும்பி வருவதற்காக ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு நகப்பூச்சால் மூன்று புள்ளி வைப்பாள். நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து வெளுத்துப்போன ஒரு மூடியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் மூன்று சிவப்புப் புள்ளி.

"இது உங்க வீட்டுது சார். போன மாசமே வந்துச்சு. நீங்க வருவீங்கன்னு வச்சிருந்தேன்."

அந்த மூடியை எனக்குத் தெரியும். டப்பா விரிசல் விட்டதும் மூடியைப் பின்சந்துச் சாக்கடை ஓரத்தில் வீசியவன் நானே. எங்கள் சாக்கடை கிள்ளான் ஆற்றில் விழுகிறது. ஆறு கிள்ளான் ஊரைத் தாண்டிக் கடலில் விழுகிறது. கடல் தெற்கே தள்ளுகிறது. என் டப்பாவில் இருந்த புள்ளிகளை அவர் முன்பே பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். அவர் மூடியை வைத்துவிட்டு நகராமல் நின்றார். நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் போனார். மற்றவர்களுக்கு அது குப்பை பொறுக்கும் வேலை. அவர் செய்துகொண்டிருந்தது ஒப்படைக்கிற வேலை.

படிவத்தின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு பத்தி உண்டு. மழை, எண்ணெய்ப் படலம் இவற்றை எழுதுவதற்கு. அவர் அதில் ஒவ்வொரு மாதமும், தோட்டப் பள்ளிக்கூடத்தில் கற்ற உருண்டைத் தமிழில், ஒரே வரியை எழுதுவார்: 'வலது கால் ஜப்பான் சிலிப்பர், நீல வார், பத்தாம் நம்பர், வார் பச்சைக் கம்பியால் கட்டியது. உங்கள் கரைக்கு வந்ததா?'

செயலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஐந்து நாடுகளுக்கும் போக வேண்டிய படிவம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. நான் அந்த வரியை 'இல்லை' என்று மொழிபெயர்த்தேன். குறிப்பு என்று ஒன்று போனால் அதற்கு ஒரு கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் கோப்பு திறக்க வேண்டும். ஒரு சிலிப்பருக்காக ஐந்து நாட்டில் கோப்பு திறப்பதா? கார்பன் தாள் வைத்து, ஐந்து பிரதிகளில், மாதம் தவறாமல், இல்லை.

பச்சைக் கம்பியின் கதையை டிரைவர்தான் சொன்னார். இரண்டாம் ஆண்டு நடுவில், அக்கா தூரத்து முளைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது, லோரி நிழலில் நின்று சொன்னார். அக்காவின் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் தொங்காங்கில் வேலை பார்த்தவர். தொங்காங் என்பது பெரிய கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகு. பத்து வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், படகு வெளிக்கடலில் இருந்தபோது ஆளைக் காணவில்லை. படகின் தளத்தில் இடது கால் சிலிப்பர் மட்டும் கிடந்தது. கூட வேலை செய்தவர்கள் அதைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார்கள். இரண்டு சிலிப்பருக்கும் வார் அறுந்தபோது பச்சை டெலிபோன் கம்பியால் கட்டிக் கொடுத்தது அக்காதான்.

"உடம்பு கிடைக்கலியா?"

"எங்க கிடைக்கும் பாஸ். ஒரு வருஷம் அலஞ்சா. அப்பறம் ஒரு பேப்பர் குடுத்தாங்க. பேரு, வயசு எல்லாம் போட்டு, கீழ நிலைன்னு ஒரு கட்டம். அதுல தெரியவில்லைன்னு போட்டிருந்துச்சு. கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டா. அதுக்கப்பறம் அந்த வார்த்தைய யாராச்சும் சொன்னாலே எழுந்து போயிருவா லா."

சவுக்குக் கிளையில் சிலிப்பர் ஆடிக்கொண்டிருந்தது. திருஷ்டிக்கு இல்லை. இந்தக் கரைதான் என்று அடையாளம் காட்டுவதற்கு.

அந்த மாதம் நான் வரியை மொழிபெயர்த்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குள் பதினெட்டுப் படிவங்களில் இல்லை என்று சான்றளித்திருந்தேன். பத்தொன்பதாவதில் திடீரென்று உண்டு என்றால், முந்தைய பதினெட்டும் என்ன ஆயின என்று கேட்பார்கள். நடைமுறை தெரிந்தவன் தவறு செய்வதில் ஒரு வசதி உண்டு: தவறை எப்படித் தொடர வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் ஐந்து நாட்டுக் கூட்டத்தைக் கோலாலம்பூரில் நடத்தும் முறை எங்களுடையது. அதற்கு ஒரு மாதம் முன்பு இயக்குநர் கூப்பிட்டு, நம் படிவங்களில் உள்நாடு அதிகமாக இருக்கிறது, மற்ற நாட்டவர் முன்னால் நன்றாக இருக்காது, உறுதியாகச் சொல்ல முடியாதவற்றை மூன்றாவது கட்டத்துக்கு மாற்றுங்கள் என்றார். ஒரு பாட்டிலின் பிறப்பிடத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஜெஞ்சாரோம் தாண்டி ஒருவர்தான் இருந்தார், அவரும் நாள்கூலி. மாற்றினேன். சிலிப்பர்கள் அனைத்தையும் மொத்தமாக மாற்றினேன். மாதாந்திரப் படிவத்துக்கும் இனி இதே முறை என்று உத்தரவு.

கூட்டம் நடக்கப்போகிறது என்று டிரைவர் மூலம் அக்காவின் காதுக்குப் போயிருந்தது. அடுத்த முறை நான் போனபோது சாக்கை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அஞ்சு நாட்டு ஆளும் வருவாங்களா சார்?"

"வருவாங்க."

"அந்தக் கரையில பொறுக்குறவங்களும்?"

"பொறுக்குறவங்க வரமாட்டாங்கம்மா. அதிகாரிங்கதான் வருவாங்க."

"அப்ப எது வந்துச்சு, எது வரலன்னு யாரு சொல்லுவா?"

நான் படிவம் சொல்லும் என்றேன்.

"நான் மாசா மாசம் கேட்டு எழுதுறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியா சார்?"

"இன்னும் பதில் வரலம்மா."

அது பொய் இல்லை. பதில் வரவில்லைதான்.

கூட்ட வேலையில் நான் கரைக்குப் போக முடியாத அந்த மாதத்துப் படிவம், கூட்டத்துக்கு முந்திய நாள் வந்தது. அவசரம். சிலிப்பர்களை மூன்றாவது கட்டத்தில் போட்டேன். குறிப்புப் பத்தியில் வழக்கமான இடத்தில் வழக்கமான கையெழுத்து இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்து, வழக்கமானதைத் தட்டச்சு செய்தேன்.

கூட்டத்தில் ஐந்து நாடுகளும் ஐந்து அறிக்கை படித்தன. ஒவ்வொன்றும் தன் கரையில் ஒதுங்கியதில் பெரும்பகுதி பிறநாட்டுக் குப்பை அல்லது அடையாளம் தெரியாத குப்பை என்றது. ஐந்தையும் கூட்டிப் பார்த்தால் கடலில் கிடந்தது யாருடையதுமே இல்லை. ஒத்துழைப்பு நல்ல முறையில் நடப்பதாகத் தீர்மானம் எழுதினோம். வரைவு என்னுடையது.

மதியம் எதிர்க்கரை நாட்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண் அதிகாரி படங்கள் காட்டினார். சிலைடு புரொஜெக்டரை இயக்கியது நான். பாட்டில்கள், வலைகள், பொம்மைகள். பிறகு திரை முழுவதும் ஒரு சிலிப்பர். வலது கால். நீல வார். வார் அறுந்த இடத்தில் பச்சைக் கம்பி, நெருக்கமாக, ஏழெட்டுச் சுற்று, முனை உள்பக்கம் மடித்து. இதன் சொந்தக்காரர் மிகவும் சிக்கனமான மனிதராக இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல, அறை சிரித்தது. பொத்தானில் இருந்த என் விரல் அசையவில்லை. இயக்குநர் இருமினார். அடுத்த படத்துக்குப் போனேன்.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் அதிகாரியிடம் போய், அந்தச் சிலிப்பர் இப்போது எங்கே என்று கேட்டேன். வியப்போடு பார்த்தார். படம் எடுத்த அன்றே கரையில் மற்றவற்றோடு சேர்த்து எரித்துவிட்டார்களாம். அப்படித்தானே வழிகாட்டுதல் சொல்கிறது என்றார். ஆம். ஒரே பொருளை இருமுறை எண்ணாமலிருக்க, எண்ணி முடித்தவற்றை அந்தந்த இடத்திலேயே அழிக்கவும். ஒன்பதாம் பத்தி. தட்டச்சு செய்தவன் நான்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த ஒரு சிலைடைத் தட்டிலிருந்து உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் ஊழியத்தில் நான் திருடியது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் கரைக்குப் போனபோது சவுக்குக் கிளை வெறுமையாக இருந்தது. அவர் எப்போதும் போல வெறுங்காலோடு பொறுக்கிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று வழி முழுவதும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், சிலைடை நீட்டினேன். வாங்கி, சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இது சுடுறதுக்கு முன்னாடி," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"குதிகால் பக்கம் கருகியிருக்கு சார், இப்ப. போன மாசம் வந்துச்சு. ரெண்டாவது முளைக்கிட்ட, தண்ணி எறங்குறப்ப. எழுதியிருந்தேனே. நீங்க படிக்கலியா?"

டிரைவர் லோரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன கட்டத்துல போட்டீங்க சார்?"

சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் எழுந்து போகவில்லை. சிலைடைத் துண்டால் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்திருங்க சார். வீட்டுக்கு வந்தவரப் போய் அப்படி எழுதி வைக்கக் கூடாது."

அலுவலகம் போய்ப் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் மட்டும் வரி வேறாக இருந்தது: 'வலது கால் சிலிப்பர் ஒன்று. என் வீட்டுக்காரருடையது. வந்துவிட்டது. உங்கள் கரையில் எங்கே இருந்தார்?' எதிரே உள்நாட்டுக் கட்டத்தில் அவர் போட்டிருந்த கோடு தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமாக இருந்தது.

திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டு. மூன்று ஆண்டில் யாரும் பயன்படுத்தாதது. பொருள்: சிலிப்பர், வலது, ஒன்று. முன்பு: தெரியவில்லை. இப்போது: உள்நாடு. திருத்தக் காரணம்: மொழிபெயர்ப்பாளரின் தவறு. குறிப்புப் பத்தியில் அவர் கேள்வியை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து, அதற்கு முன் முப்பத்தைந்து மாதம் அவர் கேட்டு வந்ததையும் சேர்த்து, ஐந்து நாட்டுக்கும் அனுப்பினேன். இயக்குநர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். விளக்கம் எழுதினேன். எனக்குக் கிடைக்க இருந்த பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அந்த நடவடிக்கை முற்றிலும் விதிப்படி இருந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மூன்று நாடுகள் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் எழுதின. எதிர்க்கரையிலிருந்து அந்தப் பெண் அதிகாரி இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கரையில் அவர் இல்லை. வேலைக்கு வருவதை அந்த மாதத்தோடு நிறுத்தியிருந்தார்.

அவருடைய லயன் வீடு கடைசி வரிசையில் இருந்தது. மதியம் மூன்று மணி, வெயில் கொளுத்தியது. மூன்று வாரமாக மழை இல்லை, முற்றத்து மண் வெடித்துக் கிடந்தது. வாசற்படியில் ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர், முன்பக்கம் வீட்டைப் பார்த்தபடி, வேலையிலிருந்து வந்து உள்ளே போன ஆள் கழற்றிவிட்டது போல. இடது காலும் வலது காலும் நெருக்கமாக இருந்தன. இரண்டிலும் பச்சைக் கம்பி. வலதின் குதிகால் கருகியிருந்தது. இரண்டும் ஈரமாக இருந்தன. அவற்றுக்கு அடியில் சிமெண்டும் நனைந்திருந்தது.

நான் என் சப்பாத்தைச் சற்றுத் தள்ளிக் கழற்றினேன்.

அவர் முன் அறையில் ஒரு நாற்காலி போட்டார். உள்ளறைக்கு ஒரு துணித் திரை. கடிதம் வந்திருப்பதைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தை மனசுக்குள் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் சத்தமா படிங்க சார். உள்ள கேக்கணும்."

திரை அசையவில்லை. காற்று இல்லை. நான் சத்தமாகப் படித்தேன்.

அவர்கள் கரையில், ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், கடல் கொண்டுவந்து போடும் பெயர் தெரியாதவர்களை மீனவர்கள் தென்னை மரங்களுக்கு அடியில் அடக்கம் செய்வது வழக்கம். பத்துப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார். வலது காலில் மட்டும் சிலிப்பர் இருந்தது. பெயர் எழுத வழியில்லாததால், தேடி வருபவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்று அந்தச் சிலிப்பரை ஒரு குச்சியில் செருகிப் புதைத்த இடத்தின் மேல் நட்டு வைத்தார்கள். கிராமத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள்.

இதற்கு அடுத்த வரியில் நின்றேன். இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன். அந்த வரியை எப்படி மொழிபெயர்த்தாலும் கேட்க ஆள் இல்லை. 'இல்லை' என்றுகூட மொழிபெயர்க்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தேன். போன வருடக் கடைசியில் அடித்த பெரிய அலையில் கரை அறுந்து, அந்தத் தென்னைகளும் அவற்றின் அடியில் இருந்தவர்களும் கடலோடு போய்விட்டார்கள். சிலிப்பர் பிற்பாடு தனியாக ஒதுங்கியது.

அவர் விரல் விட்டு எண்ணினார். சுண்டு விரலில் தொடங்கி, ஒரு கை முடிந்து, மறு கைக்குப் போய், திரும்ப முதல் கைக்கு வந்து. மாதங்கள்.

"அப்ப நான் எழுதுனப்பல்லாம் அங்கதான் இருந்திருக்காரு," என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திரைப் பக்கம் திரும்பி, ஒரு சந்தேகம் தீர்ந்த குரலில், யாருக்கோ விளக்கம் சொல்வது போலச் சொன்னார். பிறகு எழுந்து, கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரவில்லை. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அவர் குரல். நடுநடுவே நிறுத்தி, மறுபடி பேசினார். நிறுத்திய இடங்களின் நீளம் ஒரே மாதிரி இல்லை.

வாசலுக்கு வந்தபோது சிலிப்பர்களைத் தாண்டித்தான் என் சப்பாத்தை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக் கையில் பிடித்தபடி லோரி வரை வெறுங்காலோடு நடந்தேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டார்.

"வீட்டுக்குள்ள யாரு பாஸ், அக்கா கூட?"

மூன்று கட்டங்களில் எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். அதை உண்டாக்கியவனும் நான்தான். அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.